பிளென்னி என்ன துடைப்பமா?

"அண்ணே, டேங்க்ல ஒரே பாசியா ஏறுது. கண்ணாடியே தெரியல."

"அதுக்குத்தான் தம்பி இது இருக்கு. லான்மோவர் பிளென்னி. ஒண்ணே ஒண்ணு விடுங்க, பத்து நாள்ல தொட்டி பளபளன்னு ஆயிடும்."

"இதுக்குத் தனியா சாப்பாடு போடணுமாண்ணே?"

"எதுக்குத் தம்பி? அதான் பாசி இருக்கே!"

கடல்மீன் விற்கிற வண்ணமீன் கடைகளில் கொஞ்ச நேரம் நின்றால் இந்த உரையாடலைக் கேட்கலாம். கடை மாறும், ஊர் மாறும், வசனம் மாறாது. பாலிதீன் பையில் ஆக்சிஜன் அடைத்து, ரப்பர் பேண்டு சுற்றி, மீன் வீட்டுக்கு வரும். முதல் வாரம் கண்ணாடி முழுக்க சின்னச் சின்ன உதட்டு முத்திரைகள். வீட்டில் எல்லோரும் கூடி நின்று ரசிப்பார்கள். இரண்டாம் வாரம் கண்ணாடி சுத்தம். இரண்டாம் மாதம் மீனின் வயிறு உள்ளே ஒட்டிக் கிடக்கும். மூன்றாம் மாதம் ஒரு காலையில் அது பாறைக்குப் பின்னால் செத்துக் கிடக்கும். "அதுக்கு ஆயுசு அவ்வளவுதான் தம்பி" என்று கடைக்காரர் ஆறுதல் சொல்லி, அடுத்த பிளென்னியைப் பையில் பிடித்துப் போடுவார்.

ஆயுசு அவ்வளவுதான் என்பது பொய். ஒழுங்காகத் தீனி கிடைத்தால் அந்த மீன் தொட்டியில் ஆண்டுக்கணக்கில் வாழும். அதைக் கொன்றது தண்ணீரும் இல்லை, வியாதியும் இல்லை. சுத்தமான பட்டினிக்கொலை! அதுவும் வேலையை ஒழுங்காக முடித்ததற்குக் கிடைத்த கூலி.

பெயரிலேயே பொய்

லான்மோவர் என்றால் புல்வெட்டி இயந்திரம். ஓர் உயிருக்கு இயந்திரத்தின் பெயரை வைத்த அன்றைக்கே பாதி அநியாயம் முடிந்துவிட்டது. இயந்திரத்துக்கு யாரும் சோறு போடுவதில்லை அல்லவா?

இந்த மீனின் அறிவியல் பெயர் சலாரியாஸ் ஃபாஸியேட்டஸ். 1786-ல் ஜெர்மானிய மீனியல் அறிஞர் பிளாக் பெயரிட்டது. செங்கடலிலும் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலும் தொடங்கி பசிபிக்கில் சமோவா வரை, ஆழம் குறைந்த பவளத்திட்டுகளிலும் கடற்புல் மண்டிய இடங்களிலும் வாழ்கிறது. ஏறத்தாழ 14 செ.மீ. வரை வளரும். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், கண்ணுக்கு மேலே கிளைத்த குஞ்சம், தடித்த உதடு, தனித்தனியாகச் சுழலும் கண்கள். பார்த்தால் தூக்கம் கலையாத தாத்தா மாதிரி ஒரு முகம்.

அதன் வாயைக் கவனித்தாலே விஷயம் புரிந்துவிடும். சீப்பின் பற்கள் போல நெருக்கமாக, மெல்லிசாக, அசையக்கூடிய ஏராளமான பற்கள். அது கடித்துப் பிடுங்குகிற வாய் இல்லை, சுரண்டுகிற வாய். பாறையின் மேல் படலமாகப் படிந்திருப்பதை வழித்து எடுக்கிறது. அந்தப் படலத்தில் இருப்பது பாசி மட்டும்தானா? ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் சலாரியாஸ் இனத்தையும் அதன் நெருங்கிய சொந்தங்களையும் பிடித்து வயிற்றைப் பரிசோதித்த ஆய்வுகள் 2000-ம் ஆண்டு வாக்கில் வெளிவந்தன. பாசி தின்னி என்று எல்லோரும் நம்பியிருந்த அந்த மீன்களின் வயிற்றில் அதிகம் இருந்தது மட்கிய கரிமத் துகள்கள். உயிருள்ள பாசி அதற்கு அடுத்தபடிதான்!

ஆக, இந்த மீனுக்கு வேண்டியது நாள் முழுக்க மேய்வதற்கு வயதான, அழுக்கேறிய, படலம் படிந்த பாறைப்பரப்பு. அதாவது புதுத்தொட்டிக்காரர் எதை ஒழிக்க நினைக்கிறாரோ அது. அவர் கவலைப்படுகிற நீளமான முடிப்பாசியை இது பெரும்பாலும் சீண்டுவதில்லை. நுனியைக் கொஞ்சம் கடித்துவிட்டு அடுத்த பாறைக்குப் போய்விடும். கண்ணாடியில் இருக்கும் மெல்லிய படலத்தைத் துடைத்துத் தின்னும், அது தீர்ந்ததும் பட்டினி.

தின்ற பாசி எங்கே போகிறது?

சரி, மீன் செத்தால் சாகட்டும், தொட்டியாவது சுத்தமாகிறதா என்றால், அதுவும் இல்லை. இங்கேதான் வேடிக்கை.

பாசி வானத்திலிருந்து குதிப்பதில்லை. தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்து, மேலே விளக்கும் எரிந்தால் பாசி வளரும். அந்த நைட்ரேட் எங்கிருந்து வருகிறது? போட்ட தீனியிலிருந்தும் மீன் கழிவிலிருந்தும். கழிவு அமோனியாவாகி, பாக்டீரியாவால் நைட்ரைட்டாகி, பிறகு நைட்ரேட்டாகி, தண்ணீரிலேயே தங்குகிறது. குழாய்த் தண்ணீரிலோ போர் தண்ணீரிலோ உப்பைக் கரைத்து ஊற்றினால், அதில் ஏற்கெனவே இருக்கும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடுதல் சீதனம்.

இப்போது பிளென்னி பாசியைத் தின்கிறது. தின்றது எங்கே போகும்? அதே தொட்டியில்தான் கழிக்கும்! பாசிக்குள் இருந்த சத்தில் கொஞ்சம் மீனின் உடம்பில் சேர்கிறது, மிச்சம் திரும்பவும் தண்ணீருக்கு வந்து அடுத்த பாசிக்கு உரமாகிறது. வீட்டுக் குப்பையை வாசலுக்குப் போகாமல் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் கூட்டித் தள்ளுவது மாதிரி. இதற்கு மேல் பட்டினியில் செத்து பாறைச் சந்தில் அழுகினால், அந்த அமோனியாவும் சேர்த்துக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பாசியைக் குறைக்கும் வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஆர்.ஓ. தண்ணீரில் உப்புக் கலப்பது, தீனியைக் குறைப்பது, விளக்கு எரியும் நேரத்தைக் குறைப்பது, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றுவது, ப்ரோட்டீன் ஸ்கிம்மரின் கப்பைக் கழுவுவது, முடிப்பாசியைக் கையாலேயே பிடுங்கித் தொட்டிக்கு வெளியே போடுவது. இவை எல்லாமே உடம்பு வளைந்து செய்ய வேண்டிய வேலைகள். அந்த வேலையைச் செய்யச் சோம்பல்பட்டுத்தான் ஒரு உயிரைக் காசு கொடுத்து வாங்கி உள்ளே விடுகிறார்கள்.

இது புதுப்பழக்கமும் இல்லை. நன்னீர்த் தொட்டிக்காரர்கள் சக்கர் மீனுக்கு 'டேங்க் கிளீனர்' என்று பட்டம் கொடுத்து எத்தனை வருடமாக இதையே செய்கிறார்கள்! விரல் நீளத்தில் வாங்கிய சக்கர் முழங்கை நீளத்துக்கு வளர்ந்ததும் பக்கெட்டில் எடுத்துப் போய் ஏரியில் விட்டார்கள். தென்னமெரிக்க மீன் இன்று தமிழ்நாட்டு ஏரி குளங்களில் மீனவர் வலையில் சிக்கி வலையைக் கிழிக்கிறது. சாமானாக நினைத்து வாங்கியதைச் சாமானாகவே தூக்கிப் போட்டதன் விளைவு அது. கடல்மீன் தொட்டிக்கு மாறியவர்கள் பழைய புத்தியையும் கூடவே எடுத்து வந்திருக்கிறார்கள்.

ஒரே பெயர், வெவ்வேறு வயிறு

இதைவிடப் பெரிய கூத்து, 'பிளென்னி' என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாவற்றையும் அடைத்து விற்பது. பிளென்னி என்பது ஒரு மீன் அல்ல, ஒரு பெரிய குடும்பம். சுமார் 400 இனங்கள். அதில் எக்சீனியஸ் என்ற ஒரே பேரினத்தில் மட்டும் 50-க்கு மேல். அதைப் பிரித்து அடையாளம் சொல்வதற்கு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த விக்டர் ஸ்பிரிங்கர் 1988-ல் ஒரு முழு நூலே எழுத வேண்டியிருந்தது. இங்கே தொட்டியில் ஒட்டுகிற சீட்டில் ஒரே சொல்: 'பிளென்னி'.

முதலில் அது பிளென்னிதானா என்பதே கேள்வி. கோபி என்று விற்கும் மீன்களையும் இதையும் போட்டுக் குழப்புகிறவர்கள் அதிகம். கோபி என்பது உளுவை மீனின் சொந்தம். பெரும்பாலான கோபிகளுக்கு முதுகில் இரண்டு தனித்தனித் துடுப்புகள், அடிவயிற்றுத் துடுப்புகள் இரண்டும் ஒட்டிக் கிண்ணம் மாதிரி இருக்கும். பிளென்னிக்கு முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னிருந்து வால் பக்கம் வரை ஒரே நீளமாக ஓடும், நடுவில் ஒரு பள்ளம் விழலாம், அவ்வளவுதான். வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் ஒட்டாமல் குட்டிக் கால்கள் மாதிரி இருக்கும். அதை ஊன்றித்தான் பாறையில் உட்காரும். உடம்பில் செதில் கிடையாது, வழுவழுவென்று கோழை. பலவற்றுக்குக் கண்ணுக்கு மேலே குஞ்சம் இருக்கும்.

அடுத்தது, எந்த பிளென்னி? இதற்குப் பதில் தெரியாமல் என்ன தீனி போடுவது?

சலாரியாஸ் பாறை சுரண்டி. இரு வண்ண பிளென்னி எனப்படும் எக்சீனியஸ் பைகலரும் சுரண்டி மேய்வதுதான். ஆனால் அதே எக்சீனியஸ் பேரினத்தைச் சேர்ந்த மைடாஸ் பிளென்னி வேறு ரகம். பொன்மஞ்சள் உடம்போடு ஆந்தியாஸ் மீன் கூட்டத்துக்குள் கலந்து நீந்தி, தண்ணீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்னும். அதைப் பாசிக்காக வாங்கி விட்டவர், ஆட்டை மேய்க்கச் சொல்லிப் பூனையைக் கட்டிவைத்தவர் மாதிரிதான்.

இன்னொன்று மெயகாந்தஸ், பல் பிளென்னி. கீழ்த்தாடையில் இரண்டு கோரைப் பற்கள், அதில் வாய்க்கால் போலக் குழி, அடியில் நஞ்சுப் பை. விழுங்க வந்த மீனின் வாய்க்குள்ளேயே கடித்துவிடும், வந்தவர் துப்பிவிடுவார். 2017-ல் வெளியான ஆய்வு ஒன்று அந்த நஞ்சில் அபின் வகையைச் சேர்ந்த பொருள் இருப்பதையும், அது ரத்த அழுத்தத்தைச் சரியவைப்பதையும் காட்டியது. தொட்டியில் இது சாதுவான மீன்தான், சிறு இறால் பூச்சிகளைத் தின்று வாழும். ஆனால் வெறுங்கையால் பிடிக்கப் போனால் கடி நிச்சயம். இதையும் 'பாசிக்கு நல்லது' என்று தலையில் கட்டுபவர்களை என்ன சொல்வது?

பசுத்தோல் போர்த்திய புலி

அடையாளம் தெரியாததன் உச்சக்கட்டம் அஸ்பிடாண்டஸ் டேனியேட்டஸ். பவளத்திட்டில் கிளீனர் ராஸ் என்று ஒரு மீன் உண்டு. நீல உடம்பு, நடுவே கறுப்புப் பட்டை. மற்ற மீன்களின் மேலிருக்கும் ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். பெரிய மீன்கள் அதன் முன் வரிசையில் வந்து வாயைத் திறந்து நிற்கும். இந்த மரியாதையைப் பார்த்த பிளென்னி ஒன்று அதே நீலம், அதே கறுப்புப் பட்டை, அதே நடையோடு வேஷம் கட்டியிருக்கிறது. நம்பி அருகே வருகிற மீனின் துடுப்பைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும். குழாய்ப் புழுக்களின் தூரிகைகளையும் மற்ற மீன்களின் முட்டைகளையும் தின்னும்.

கடல் மீனே ஏமாறும்போது கடைக்காரர் ஏமாறமாட்டாரா என்று கேட்கலாம். ஏமாறலாம். ஆனால் மீனுக்கு இல்லாத ஒரு வசதி மனிதருக்கு உண்டு. நின்று நிதானமாக வாயைப் பார்க்கலாம். உண்மையான கிளீனருக்கு வாய் முகத்தின் நுனியில் இருக்கும். வேஷக்காரனுக்கு மூக்கு முன்னே நீட்டிக்கொண்டு, வாய் அதற்குக் கீழே சுறாவுக்கு இருப்பது போல ஒளிந்திருக்கும். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்காமல் கிளீனர் என்று வாங்கிவந்து, மற்ற மீன்களின் துடுப்பு கிழிந்ததும் 'வியாதி' என்று மருந்து ஊற்றுவார்கள்.

இதில் இன்னொரு சோகம். உண்மையான கிளீனர் ராஸின் கதியும் சலாரியாஸின் கதிதான். நான்கைந்து மீன் இருக்கும் வீட்டுத் தொட்டியில் அதற்கு வயிறு நிறைய ஒட்டுண்ணி எங்கே கிடைக்கும்? அதுவும் 'வேலைக்காரன்' என்று வாங்கப்பட்டு, கூலி இல்லாமல் சாகிறது. அசலும் பட்டினி, போலியும் பழிக்கு ஆளாகிறது. வாங்குகிறவர் மட்டும் ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை.

வளர்க்கக் கூடாதா?

தாராளமாக வளர்க்கலாம். கடல்மீன் தொட்டியில் பிளென்னி அளவுக்குக் குணச்சித்திரம் உள்ள மீன் குறைவு. பொந்துக்குள் வாலை விட்டுக்கொண்டு தலையை மட்டும் நீட்டி ஆட்களை வேடிக்கை பார்க்கும். முட்டையிட்டால் பல இனங்களில் அப்பாதான் காவல். ஆனால் மீனுக்காகத் தொட்டி இருக்க வேண்டும், தொட்டிக்காக மீன் இல்லை. இந்த வரிசை சரியாக இருந்தால் மற்றதெல்லாம் செய்யக்கூடியதே.

சலாரியாஸுக்கு 100-லிருந்து 120 லிட்டராவது கொள்ளும் தொட்டி, அதுவும் ஓடத் தொடங்கிச் சில மாதங்களான பழைய தொட்டி வேண்டும். அமோனியாவும் நைட்ரைட்டும் டெஸ்ட் கிட்டில் பூஜ்யம் காட்ட வேண்டும். ஹைட்ரோமீட்டரில் 1.023-லிருந்து 1.026, வெப்பம் 24-லிருந்து 27 டிகிரி செல்சியஸ். சென்னை மே மாதத்தில் இந்த வெப்பம் தானாக நிற்காது. சில்லரோ, குறைந்தது தண்ணீர்ப் பரப்பில் வீசும் சின்ன ஃபேனோ வேண்டும். ஃபேன் வைத்தால் தண்ணீர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். அதனால் நிரப்ப வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர். கரண்ட் கட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். மேலே வலை மூடி கட்டாயம், இது குதிக்கிற சாதி. ஒரு தொட்டிக்கு ஒன்று போதும். தன்னைப் போன்ற இன்னொரு பாறைமேய்ச்சல் மீனைக் கண்டால் அடித்துத் துரத்தும்.

தீனிதான் முக்கியம். நோரி எனப்படும் கடற்பாசித் தாளைக் கல்லில் ரப்பர் பேண்டால் கட்டி அடியில் வைக்க வேண்டும். ஸ்பைருலினா கலந்த அடியில் அமிழும் குருணைத் தீனி பழக்க வேண்டும். கடையிலேயே அது தீனி தின்கிறதா என்று போடச் சொல்லிப் பார்த்து வாங்குவது உத்தமம். வயிறு உருண்டிருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்க்கும்போது வயிறு குழிந்திருந்தால் அந்த மீன் கடையிலேயே பட்டினி. தொட்டிக்கு வந்தபின் வாரம் ஒருமுறை அதே வயிற்றைப் பார்க்க வேண்டும். ஒரு மூலைப் பாறையையும் பின்கண்ணாடியையும் தேய்க்காமல் விட்டுவைத்தால் அது மேய இடம் கிடைக்கும். கொஞ்சம் அழுக்கைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர் வேறு மீன் வாங்கட்டும்.

பொந்து வேண்டும் என்பதற்காகப் பவளக்கல் தேடி மன்னார் வளைகுடாப் பக்கம் ஆள் பிடிக்க வேண்டாம். 21 தீவுகளைக் கொண்ட அந்தப் பகுதி 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பிளென்னிக்கு ஒரு துண்டு பி.வி.சி. பைப்பே மாளிகை. அதன் மேல் கௌரவம் பார்ப்பது மனிதர்தான், மீன் இல்லை.

"மீன்தானே!"

இவ்வளவுக்கும் பதிலாக வரும் ஒரே சொல் இது. மீன்தானே! வறுத்துத் தின்கிறவர்கள் தொட்டி மீனுக்குக் கண்ணீர் விடலாமா என்றும் கேட்பார்கள். தின்பதற்காகப் பிடிக்கும் மீன் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ சாகிறது. தொட்டியில் அழகு பார்ப்பதற்காக வாங்கிய மீனை, தினமும் பார்த்துக்கொண்டே, இரண்டு மூன்று மாதம் பட்டினி போட்டுச் சாகடிப்பதற்கு எந்தச் சமையல்கட்டு நியாயமும் பொருந்தாது. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2003-லேயே ட்ரவுட் மீனின் முகத்தில் வலியைத் தூண்டும் காயங்களை உணரும் நரம்புகள் இருப்பதைக் காட்டிவிட்டார்கள். 'அதுக்கு ஒன்றும் தெரியாது' என்பது வசதிக்காகச் சொல்லிக்கொள்வது.

"என் தொட்டியில் பிளென்னி விட்டேன், பாசி போய்விட்டதே!" என்பவர்களும் உண்டு. போயிருக்கும். புதுத்தொட்டியில் முதல் சில மாதங்கள் வரும் பழுப்புப் படலம் எதுவும் விடாவிட்டாலும் தானாகவே போகும். பெருமை மீனுக்கு, சாவும் மீனுக்கு.

"கடைக்காரர் சொன்னார், வாங்கினேன்" என்பது கடைசிச் சாக்கு. கடைக்காரர் விற்பதற்காக உட்கார்ந்திருப்பவர். இரண்டு செல்போன் வாங்க இருபது பேரிடம் விசாரிக்கிறவர், ஒரு உயிரை வாங்கும்போது அதன் பெயரைக்கூடக் கேட்பதில்லை. தொட்டியில் 'பிளென்னி' என்று மட்டும் எழுதியிருந்தால் "எந்த பிளென்னி?" என்று கேட்கட்டும். பதில் வராவிட்டால் வாயையும் துடுப்பையும் பார்க்கட்டும். அதற்கும் பொறுமை இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்பட்டும். நான்கு பேர் அப்படித் திரும்பினால் ஐந்தாவது ஆளுக்கு கடைக்காரரே பெயரைக் கேட்டறிந்து எழுதி ஒட்டுவார்.

கடல்மீன்களில் பெரும்பகுதி இன்றும் பண்ணையில் பிறப்பதில்லை. இந்தோனேசியாவிலோ பிலிப்பைன்ஸிலோ வேறு ஏதோ கடலிலோ ஒருவர் மூச்சடக்கி மூழ்கிப் பிடித்து, கை மாறி, கடல் தாண்டி வருகிறது. பவளப்பாறையில் தனக்கென்று ஒரு பொந்தும், சுற்றிலும் மேய்ச்சல் நிலமுமாக இருந்த உயிர் அது. அதை அங்கிருந்து பெயர்த்து எடுத்து வந்து, நான்கு கண்ணாடிச் சுவருக்குள் வைத்து, "துடை" என்று சொல்லிவிட்டுத் தீனி டப்பாவை மூடி வைப்பது வளர்ப்பு இல்லை.

கண்ணாடி துடைக்க ஸ்க்ராப்பர் என்று ஒன்று அதே கடையில், அதே அலமாரியில் கிடைக்கிறது. மீனைவிட விலை குறைவு. அதற்குப் பசிக்காது.